இரண்டாவது கிளிப்

படகின் பெட்ரோல் டேங்கில் இரண்டு விரற்கடை அதிகமாக இருந்தது. குறைந்திருந்தால் முத்திரைக்காரர் நிம்மதியாக இருந்திருப்பார். குறைந்தால் திருட்டு. திருட்டென்றால் எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒருவன் பூட்டிய படகில் ஏறி, டேங்கைத் திறந்து, இருந்ததைவிட அதிகமாக நிரப்பிவிட்டுப் போகிறான் என்றால் அது என்ன வகைக் களவு? அவருடைய முப்பத்திரண்டு வருடச் சர்வீஸில் இதற்குப் பதில் இல்லை.

அந்த முப்பத்திரண்டு வருடமும் அவர் கடை கடையாக ஏறி இறங்கி, தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை போடும் வேலையில் இருந்தார். அடியில் குடைந்த கல், தட்டுக்குக் கீழே ஒட்டிய காந்தம், அடியை உயர்த்திக் கட்டிய லிட்டர் அளவை என்று பார்க்காத ஏமாற்று இல்லை. வேலையிலிருந்து மனிதர் ஓய்வு பெற்றார், சந்தேகம் ஓய்வு பெறவில்லை. வாங்கி வந்த சர்க்கரையை வீட்டுத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்த பிறகுதான் டப்பாவில் கொட்டுவார். கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தினால் பேட்டரி விற்றவன் முகம் ஞாபகம் வரும். படகுத்துறையில் எல்லோரும் அவரை முத்திரை சார் என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கேலி. எது எந்தப் பாதி என்பதிலும் அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு.

படகு அவர் ஓய்வு பெற்றதும் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பரிசு. பதினான்கு அடி ஃபைபர் படகு. முன்னால் ஒரு சீட், நடுவில் ஒரு சீட், பின்னால் அவர் உட்காரும் சீட், அதற்கும் பின்னால் இன்ஜின். ஊர் முடிகிற இடத்தில் இருக்கும் ஏரியில், மரப்பலகைத் துறையின் கடைசிக் கட்டையில், தார்ப்பாய் போர்த்தி நின்றது. சனி, ஞாயிறு காலைகளில் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். மீன் பிடிப்பதில்லை, பந்தயம் விடுவதில்லை. ஒரு பொருள் தான் சொன்னபடி கேட்டு ஓடுகிறது என்ற சுகம் அவருக்குப் போதும்.

சொன்னபடி கேட்பதற்காகவே ஓர் அட்டையும் எழுதி வைத்திருந்தார். பதினொரு விதிகள். பிளாஸ்டிக் உறை போட்டு, ஓட்டை குத்தி, கயிற்றில் கட்டி, நடு சீட்டின் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். படகில் கால் வைக்கும் முன் லைஃப் ஜாக்கெட். இன்ஜினைத் தொடும் முன் பெட்ரோல் வாடை வருகிறதா என்று மூக்கால் ஒரு சோதனை. டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்து, குழாயிலிருக்கும் ரப்பர் உருண்டையைக் கெட்டியாகும்வரை அழுத்துதல். கியர் நடுவில் இருக்கிறதா என்று பார்த்தல். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அதன் பின்புறமிருந்து தண்ணீர் கம்பியாகப் பீச்சுகிறதா என்று பார்த்தல், பீச்சாவிட்டால் உடனே நிறுத்துதல். ஒன்பதாவது விதிக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு: படகு ஓடும்போது யாரும் எழுந்து நிற்கக் கூடாது.

ஐந்தாவது விதி சிவப்புக் கயிறு. இன்ஜினில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் வெளியே இழுத்து, அதன் கழுத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் கிளிப்பைச் செருகினால்தான் இன்ஜின் ஓடும். கிளிப்பிலிருந்து வரும் சுருள்கயிற்றின் மறுமுனை ஓட்டுகிறவரின் மணிக்கட்டில். ஆள் தவறி விழுந்தால் கயிறு கிளிப்பைப் பிடுங்கும், பொத்தான் உள்ளே போகும், இன்ஜின் நிற்கும். ஆளில்லாத படகு விழுந்தவர் மேலேயே திரும்பி வந்து ஏறாமல் இருக்க அதுதான் காவல். முத்திரைக்காரர் அந்தக் கயிற்றைக் கட்டாமல் ஒருநாளும் இன்ஜினை இழுத்ததில்லை.

இப்படிப்பட்டவரின் படகில்தான் யாரோ கை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்ரோல் மூன்றாவது தடயம். முதல் தடயம் முடிச்சு. துறைக்கட்டையில் படகைக் கட்டியிருந்த முடிச்சு அவர் போட்டதல்ல. வேறு முடிச்சு என்பதைக்கூட மன்னித்திருப்பார். அது அவருடையதைவிட நன்றாக இருந்தது, அதுதான் மனதை அறுத்தது. இரண்டாவது தடயம், இரண்டு லைஃப் ஜாக்கெட்டில் ஒன்று உள்பக்கம் ஈரமாக இருந்தது. மூன்று வாரமாக மழை இல்லை. மூன்றாவது தடயத்துக்குப் பிறகு அவர் பழைய வேலைக்குத் திரும்பினார். காற்றுத் திருகின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். தார்ப்பாயின் விளிம்பில் ஒரு கறுப்பு நூலைக் குறுக்கே கட்டினார். அடுத்த சனிக்கிழமை கோடு கலைந்திருந்தது. நூல் அறுந்திருந்தது, பிறகு யாரோ மரியாதையாக அதை முடிந்தும் வைத்திருந்தார்கள்.

சந்தேகப்பட ஆள் தேடி அவர் ரொம்ப தூரம் போகவில்லை. மனைவியின் தம்பி இருந்தான். பள்ளி வேன் ஓட்டுகிறவன், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன். போன வருடம் நண்பர்களோடு ஒரு ரவுண்டு போய் வர ஒரே ஒரு நாள் படகைக் கேட்டான். அவர் மாட்டேன் என்றார். அவன் சிரித்தான். மறுத்தும் சிரிக்கிறவனை நம்பக் கூடாது என்று அன்றே முடிவு செய்திருந்தார். இப்போது போன் போட்டு, செவ்வாய்க்கிழமை காலை எங்கே இருந்தாய் என்று கேட்டார். வேனில் என்றான். பிள்ளைகளை எட்டரைக்கு இறக்கிவிட்ட பிறகு எங்கே என்று கேட்டார். அவன் யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் மூன்று தும்மல் போட்டான். லைஃப் ஜாக்கெட் ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டதற்கு, மழை பெய்திருக்கும் மாமா என்றான்.

அடுத்த ஆள் ஸ்பானர். துறையைப் பார்த்துக்கொள்கிறவரும் அவர்தான், அங்கிருக்கும் படகுகளின் இன்ஜினை ரிப்பேர் பார்க்கிறவரும் அவர்தான். அவருக்குத் தெரியாமல் துறையில் ஒரு வாத்துகூட நீந்த முடியாது. முத்திரைக்காரர் கேட்டபோது அவர் ஒரு ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்கவில்லையே சார் என்றார், துடைத்து முடித்த பிளக்கையே மறுபடி எடுத்துத் துடைத்தார். நீங்க சொல்றதுதான் புதுசா இருக்கு என்றார், அதே பிளக்கை மூன்றாம் முறை துடைத்தார். பொய்க் கல்லை வைத்திருந்த எத்தனையோ கடைக்காரர்கள் இப்படித்தான் கல்லாவைத் துடைத்திருக்கிறார்கள். முத்திரைக்காரருக்கு வயிற்றில் ஒரு மகிழ்ச்சி பரவியது. கூட்டு இருக்கிறது.

அந்தக் கூட்டில் மூன்றாவதாக ஒருவர் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டு நாள் முழுக்கத் தைக்கிறவள். மூக்குக் கண்ணாடி எப்போதும் ஒரு கறுப்புக் கயிற்றில் கழுத்திலிருந்து தொங்கும். ஊசியில் நூல் கோர்க்க மட்டும் அது மூக்குக்கு ஏறும். நான்கு வருடமாக எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு படகில் வருவாள். முன் சீட்டில் உட்கார்ந்து யாருடைய பாவாடைக்கோ ஓரம் அடிப்பாள். இன்ஜின் எந்தப் பக்கம் என்று ஒருநாள் கேட்டதில்லை. போன மாதம் அவளுடைய வலது உள்ளங்கையில் காய்ப்பு ஒன்றைப் பார்த்தார். கத்தரிக்கோல் என்றாள். கத்தரிக்கோல் கட்டைவிரலில்தான் காய்க்கும், உள்ளங்கையில் ஏன் காய்க்கிறது என்று அவருக்கு மூக்கு வியர்க்கத்தான் செய்தது. ஆனால் அது தையல் இலாகா, தன் எல்லைக்குள் வராது என்று விட்டுவிட்டார்.

ஊரையே சந்தேகப்பட்ட மனிதரிடமும் மறைக்க ஒன்று இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை, தனியாக ஏரியின் நடுவில் இருந்தபோது அவருக்குக் கண் இருட்டியது. கண் திறந்தபோது படகின் தரையில் கிடந்தார். இன்ஜின் நின்றிருந்தது, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு இருந்தது, நெற்றியில் ஒரு வீக்கம் இருந்தது. மனைவியிடம் கதவு இடித்தது என்றார். பத்து நாளில் துறையிலேயே மறுபடி ஒருமுறை தலை சுற்றியது. யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போனார். டாக்டர் காதில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, கையில் பட்டை கட்டிப் பார்த்து, ஒரு சீட்டு எழுதினார். பரிசோதனைகள் முடியும்வரை தனியாக வண்டி ஓட்டக் கூடாது, தண்ணீர்ப் பக்கம் தனியாகப் போகக் கூடாது. முத்திரைக்காரர் அந்தச் சீட்டை நான்காக மடித்து பேண்ட் பாக்கெட்டில் வைத்தார். பரிசோதனைக்குப் போகவில்லை. மனைவிக்குத் தெரிந்தால் படகு அடுத்த வாரம் விற்றுப் போகும். படகு போனால் சனிக்கிழமை போகும், ஞாயிற்றுக்கிழமை போகும். மீதி ஐந்து நாளை அவர் எப்படியும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பயம் அவருக்குத் தலைசுற்றலைவிடப் பெரிதாக இருந்தது.

செவ்வாயும் வியாழனும் காலையில் அவர் ஓய்வு பெற்றவர்கள் சங்கத்துக்கு கேரம் ஆடப் போவார். களவு அந்த நாட்களில்தான் நடக்கிறது என்று அவர் கணித்துவிட்டார். அதனால் ஒரு புதன்கிழமை, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், துறைக்குப் போய்ப் படகை அங்குலம் அங்குலமாகச் சோதித்தார். நடு சீட்டின் அடியில் கை விட்டுத் தடவியபோது ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தார். அகலமான டேப் போட்டு ஒட்டிய ஒரு சிவப்புக் கிளிப். இன்ஜினின் கிளிப் அவருடைய சாவிக்கொத்தோடு வீட்டிலிருந்து வந்து, வீட்டுக்கே திரும்புவது. இது வேறொன்று. புத்தம் புதியது.

ஆக, கள்ளச்சாவி. முத்திரைக்காரர் அதைப் பிய்த்து எடுத்து, சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் போட்டார். கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது, கைதான் யாருடையது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மச்சினன் முகத்துக்கு நேரே அதை நீட்டும் காட்சியை விதவிதமாக ஓட்டிப் பார்த்தார்.

சனிக்கிழமை இரவு சாப்பிடும்போது மனைவி நாளைக்கு நானும் வருகிறேன் என்றாள். ஏன் என்றார். சும்மாதான் என்றாள். சும்மா என்ற வார்த்தையை எந்தக் கடையில் கேட்டாலும் முத்திரைக்காரர் தராசைத் தலைகீழாகப் பிடிப்பார். இவள் தம்பிக்கு எல்லாம் தெரியும் என்றால் இவளுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார். ஏரியின் நடுவில் வைத்துக் கேட்டால் எழுந்து சமையலறைக்குப் போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் இருந்தது, காற்றும் இருந்தது. காற்று துறைப் பக்கமிருந்து எதிர்க்கரைப் பாறைகளைப் பார்த்து வீசியது. ஸ்பானர் துறையில் நின்று அவர்கள் இருவரையும் பார்த்தார், பிறகு அவசரமாக வேறு பக்கம் பார்த்தார். முத்திரைக்காரர் அதையும் குறித்துக்கொண்டார். மனைவி சொல்லாமலே லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டி, மூன்று கொக்கியையும் போட்டு, கீழ்ப் பட்டையை இழுத்து இறுக்கினாள். போன தடவை வரை அவர்தான் மாட்டிவிட வேண்டும். அவர் பதினொரு விதியையும் வரிசையாக முடித்து, கயிற்றை மணிக்கட்டில் போட்டு இன்ஜினை இழுத்தார். பின்னால் தண்ணீர் கம்பியாகப் பீச்சியது. மனைவியும் எட்டி அதைத்தான் பார்த்தாள். எதற்குப் பார்க்கிறாள்?

ஏரியின் நடுவுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தார். நிறுத்தவில்லை. அவள் கையில் அன்றைக்குத் தையல் எதுவும் இல்லை, அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"படகுல யாரோ ஏறுறாங்க" என்றார்.

"தெரியும்" என்றாள்.

அவர் எதிர்பார்த்த பதில் அதுவல்ல. தெரியாது என்பாள், தடுமாறுவாள், பிறகு கிளிப்பை எடுத்து முகத்துக்கு நேரே காட்டலாம் என்று வைத்திருந்தார். திட்டம் ஒரு படி முன்னாலேயே வந்துவிட்டதால் அவசரப்பட்டார். கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனார். மேலே லைஃப் ஜாக்கெட் இறுக்கமாக இருந்தது, விரல் உள்ளே போகவில்லை. உட்கார்ந்த நிலையில் ஜாக்கெட் கழுத்துக்கு ஏறிக்கொண்டு வழி விடவில்லை. என்னங்க உட்காருங்க என்று அவள் சொல்வதற்குள், ஒன்பதாவது விதியை எழுதிய கை, சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட அதே கை, சீட்டை ஊன்றி அவரை எழுப்பி நிறுத்திவிட்டது.

எழுந்த வேகத்தில் கண் இருட்டியது.

தண்ணீரின் குளிர்தான் அவரை எழுப்பியது. முகம் வானத்தைப் பார்த்திருந்தது, ஜாக்கெட் காதுகளை அழுத்திக்கொண்டு அவரைத் தூக்கிப் பிடித்திருந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. மணிக்கட்டில் சிவப்புக் கயிறும் அதன் முனையில் கிளிப்பும் மிதந்தன. எல்லாம் எழுதியபடியே வேலை செய்திருந்தது. ஒரு நிமிடம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு படகைப் பார்த்தார். காற்று அதன் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. பத்தடி என்றிருந்தது இருபதடி ஆயிற்று. மனைவி வட்ட மிதவையை எறிந்தாள், அது காற்றில் சாய்ந்து வேறு பக்கம் விழுந்தது. அவர் நீந்தப் பார்த்தார். ஜாக்கெட்டோடும் பேண்டோடும் அந்தக் கால்கள் போன இடம் கொஞ்சம்தான்.

"நீந்தாதீங்க" என்று அவள் குரல் வந்தது. கத்தலாக இல்லை, அளவு சொல்கிற குரலாக இருந்தது. "அப்படியே மிதங்க. நான் வரேன்."

எப்படி வருவாள்? அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. கிளிப் இல்லாமல் இன்ஜின் ஓடாது. ஒரு கிளிப் மணிக்கட்டில். இன்னொன்று, யாரோ முன்யோசனையோடு சீட்டுக்கடியில் ஒட்டி வைத்திருந்தது, பொத்தான் போட்ட சட்டைப் பையில், நெஞ்சுக்கு மேல். இரண்டையும் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியிருக்கிறார். படகில் இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாத மனைவி, எதிரே பாறை. கள்ளச்சாவி என்று நினைத்தாரே, அதன் வேலையே இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் என்று இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டே புரிந்தது. தன்னைப் பற்றிப் பயம் வரவில்லை. அவளைத் தன் கையாலேயே பூட்டி அனுப்பியதைப் போல இருந்தது. கிளிப் என்னிடம் இருக்கிறது என்று கத்தினார். வாய்க்குள் ஏரி வந்தது.

இன்ஜின் ஒருமுறை இருமியது. இரண்டாவது இழுப்பில் பிடித்து ஓடியது.

இந்த நிலையிலும் முத்திரைக்காரர் முத்திரைக்காரர்தான். சாகப் போகிற மனிதருக்குத் தோன்றிய முதல் யோசனை: அப்படியானால் மூன்றாவதாக ஒரு கிளிப்பும் இருக்கிறதா?

படகு நேராக அவரை நோக்கி வரவில்லை. அகலமாக ஒரு வளைவு எடுத்து, காற்று போகிற பக்கத்துக்குப் போய், மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, பொடிநடையாக வந்தது. அவர் செய்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார், ஆனால் இவ்வளவு பொறுமையாகச் செய்திருக்க மாட்டார். இரண்டு ஆள் தூரத்தில் இன்ஜின் நின்றது. இன்ஜினின் விசிறி அவர் காலைத் தொடாமல் இருக்க நிறுத்துகிறாள் என்று புரிந்தபோது அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. ஏரித் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொள்ளவில்லை. படகு மீதித் தூரத்தைத் தானாகவே வழுக்கி வந்தது. அவள் பின்பக்கத்து மடிப்புப் படியை இறக்கி, அவருடைய ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்தாள்.

"இடது காலைப் படியில வைங்க. மூணு எண்ணுவேன். மூணுல ரெண்டு பேரும்."

மூன்றில் அவர் மூட்டையாக உள்ளே விழுந்தார். அவள் அவரை இழுத்ததில் நனைந்த தன்னுடைய துப்பட்டாவைப் பிழிந்து முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு துறைப் பக்கம் பார்த்து ஒரு கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கிக் காட்டினாள். தொலைவில் ஸ்பானரும் இன்னொருவனும் ஒரு படகில் ஏறிப் பாதி வழி வந்துவிட்டிருந்தார்கள். கையைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார்கள். இன்னொருவன் நின்றுகொண்டு தும்மினான்.

முத்திரைக்காரர் நடுங்கிக்கொண்டே கேட்டார். "எப்பலேர்ந்து?"

"உங்க பேண்ட் பாக்கெட் ஓட்டையைத் தைக்கச் சொல்லிக் கொடுத்தீங்களே, அன்னிலேர்ந்து. சீட்டோட கொடுத்தீங்க."

நான்காக மடித்த சீட்டு. ஊருக்கெல்லாம் பொறி வைத்தவர், மறைக்க வேண்டிய ஒரே காகிதத்தைத் தையல்காரியிடமே பாக்கெட்டோடு ஒப்படைத்திருக்கிறார்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க? ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு மறுநாளே தனியா வந்திருப்பீங்க." அவள் அவருடைய மணிக்கட்டுக் கயிற்றைக் கழற்றி நாடியைப் பிடித்துப் பார்த்தாள். "உங்களைத் தடுக்க முடியாது, தெரியும். விழுந்தா தூக்கவாவது கத்துக்கலாம்னு ஸ்பானர்கிட்ட போனேன். தம்பி பதினாலு தடவை குதிச்சான். கடைசி அஞ்சு தடவை மயங்கின மாதிரி கிடந்தான். அவன் உங்களைவிட இருபது கிலோ கம்மிங்கறதால ஒரு தடவை ஸ்பானரே குதிச்சார்."

ஈர ஜாக்கெட், அறுந்த நூல், நல்ல முடிச்சு, இரண்டு விரற்கடை பெட்ரோல், உள்ளங்கைக் காய்ப்பு. எல்லாத் தடயத்தையும் அவர் சரியாகத்தான் எடுத்திருந்தார். சந்தேகமும் சரிதான், மச்சினன் படகில் ஏறியிருக்கிறான், ஸ்பானர் பொய் சொல்லியிருக்கிறார். தீர்ப்பு மட்டும்தான் தலைகீழ். அவருக்கு அழுகை வந்தது. இந்த முறை மறைக்காமல் அழுதார். அவள் அது முடியும்வரை காத்திருந்தாள்.

கடைசியில் அவர் தனக்கு முக்கியமான கேள்விக்கு வந்தார். "படகை வித்துருவியா?"

"விக்கவா? ரெண்டு மாசம் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டிருக்கேன்." அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "நாளைக்கு டெஸ்ட்டுக்குப் போறோம். டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் உங்களுக்கு முன் சீட்டு."

பேரம் பேச அவரிடம் எடைக்கல் எதுவும் மிச்சமில்லை. தலையாட்டினார். ஜாக்கெட்டின் கொக்கிகளைத் தளர்த்தி, பொத்தானைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து சிவப்புக் கிளிப்பை எடுத்து அவளுடைய உள்ளங்கையில், காய்ப்புக்கு மேல் வைத்தார். அவள் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. கொக்கிகளை முதலில் மறுபடி போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இன்ஜினிடம் போனாள்.

அப்போதுதான் அவர் பார்த்தார். பொத்தானின் கழுத்தில் மெல்லிய கறுப்புக் கயிறு ஒன்று இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அவளுடைய கண்ணாடி கயிறு இல்லாமல் மூக்கில் இருந்தது. அவள் கறுப்புக் கயிற்றை அவிழ்த்து, கிளிப்பைச் செருகி, அவரிடமிருந்து கழற்றிய சிவப்புக் கயிற்றை அதில் மாட்டித் தன் மணிக்கட்டில் போட்டுக்கொண்டாள்.

காற்றில் அட்டை புரண்டு அவர் முழங்காலில் தட்டியது. அதன் பின்பக்கத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. ஊரில் எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தவர், தான் எழுதியதை மட்டும் திருப்பிப் பார்த்ததில்லை. அங்கே அவளுடைய கையெழுத்து, மார்க்கர் பேனாவில், ஆர்டர் அளவு குறிக்கிற அதே சின்ன எழுத்தில் இருந்தது.

இவர் விழுந்தால்: பதறாதே. கண்ணை எடுக்காதே. மிதவையை எறி. நீந்த வேண்டாம் என்று சொல். சீட்டுக்கடியில் கிளிப். காற்றுக்கு எதிராக வா. கிட்டே வரும் முன் இன்ஜினை நிறுத்து. இடது கால், மூன்று எண்ணு.

கிளிப் என்ற சொல் மட்டும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல், மை இன்னும் புதிதாக, வியாழக்கிழமை தேதி போட்டு எழுதியிருந்தாள்: இவர் எடுத்துட்டார். கண்ணாடிக் கயிறு, இரண்டு சுற்று.

முத்திரைக்காரர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு தவழ்ந்து போய் முன் சீட்டில் உட்கார்ந்து, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பின்னால் அவள் இன்ஜினை இழுக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் பீச்சுகிறதா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.